கல்லுக்கு முன் சொல்

துக்க வீட்டின் பரபரப்பு அடங்கி, முதலாண்டு நினைவு நெருங்கும் வேளையில்தான் பெரும்பாலான குடும்பங்களில் கல்லறை கட்டுவது பற்றிய பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு கிரானைட் கடையில் தொடங்குகிறது. கறுப்பா சிவப்பா, எத்தனை அடி நீளம், சிலுவை தனியாக நிற்க வேண்டுமா பலகையிலேயே செதுக்கினால் போதுமா, படம் பதிக்கலாமா, சதுர அடி என்ன விலை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைக்காரர் ஒரு தாளை நீட்டி வாசகத்தை எழுதித் தரச் சொல்வார். வந்தவர்களில் யாரோ ஒருவர் நின்றபடியே பெயரையும் இரண்டு தேதிகளையும் எழுதி, அக்கம்பக்கத்துக் கல்லறைகளில் பார்த்த வேதவசனம் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார். கல்லுக்கு ஒரு நாள் முழுக்க அலைந்தவர்கள் சொல்லுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அடக்கம் செய்த இடம் எத்தனை ஆண்டுகளுக்கு நமக்கு உரியது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, என்ன எழுதுவது என்று முடிவாக வேண்டும். அந்த எழுத்து எப்படி வெட்டப்பட்டால் நிற்கும் என்பது மூன்றாவது. எந்தக் கல், எவ்வளவு பெரிது என்பது கடைசி. காரணம் எளியது. இறந்தவரை அறிந்தவர்களுக்கு நினைவுகூரக் கல் தேவையில்லை. இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளில் அவர்களும் இருக்கமாட்டார்கள். அதன் பிறகு அந்தக் கல்லின் முன் நிற்கப்போவது, இறந்தவரை ஒருநாளும் பார்த்திராத கொள்ளுப்பேரனோ வழிப்போக்கரோதான். கல்லறைக் கல்லின் உண்மையான வாசகர் அவரே. அவருக்குப் பளபளப்பால் பயனில்லை. எழுத்தால் மட்டுமே பயன்.

இறந்தவருக்குக் கல் நடும் வழக்கத்தைப் பற்றித் தமிழில் இருக்கும் சான்று மிகப் பழையது. தொல்காப்பியம் புறத்திணையியலில் நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படிகளாகப் பிரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் ஏறத்தாழ இந்த வரிசையிலேயே கண்ணகிக்குக் கல் எடுத்த கதையைச் சொல்கிறது. இந்த வரிசையில் கல்லைத் தேடிக் காண்பதுதானே முதல் படி, அப்படியிருக்கச் சொல்லை முதலில் வைக்கச் சொல்வது மரபுக்கு மாறல்லவா என்று கேட்கலாம். ஆனால் நடுகல் யாருக்கு எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் ஐயம் தீரும். ஆநிரையைக் கவர்ந்தோ மீட்டோ விழுந்த வீரனுக்கு அது எடுக்கப்பட்டது. அவன் யார், எந்த ஊர், என்ன செய்தான் என்பது கல்லைத் தேடிப் புறப்படும் முன்பே ஊரறிந்த செய்தி. சொல் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் கல்லைத் தேடிப் போனார்கள். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி நடுகற்களில் ஒன்று, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது எனக் கருதப்படுவது, விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களில் ஆளின் பெயரையும் கூடலூர் என்ற ஊரையும் ஆகோள் பூசலையும் சொல்லிவிடுகிறது. உருவம் எதுவும் இல்லை; கல்லும் பெரிதாகச் செதுக்கிச் செம்மை செய்யப்பட்டதன்று. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் விழுந்த வீரனின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறித்திருக்கிறது. பல்லவ மன்னர்கள் வெளியிட்ட நீண்ட பட்டயங்கள் எத்தனையோ இருக்க, ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் படித்தவர் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது இந்த நாயின் செய்தி. குறிப்பான ஒரே ஒரு விவரம் செய்யும் வேலையை நூறு புகழ்மொழிகள் செய்வதில்லை.

எழுத்து நிற்க வேண்டும் என்ற கவலையும் அதே மரபில் உண்டு. நடுகற்களில் உளியால் வெட்டிய எழுத்து மழுங்கிப்போனதையும், மறவர்கள் அம்பு தீட்டித் தீட்டிக் கல்லின் பக்கம் தேய்ந்துவிட்டதையும், வழியே போகிறவர்கள் எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாமல் விட்டுச் செல்வதையும் அகநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. கல் இருக்கிறது, எழுத்து இல்லை, ஆகவே ஆளும் இல்லை என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். வாசகத்தை முதலில் வைக்கச் சொல்லும் வாதத்துக்கு இது மிகப் பழைய சாட்சி.

ஆனால் சொல்லுக்கும் முன்னால் தரை வருகிறது. கல்லறை என்றென்றைக்கும் நமக்குரியது என்பது பலர் மனத்தில் கேள்வியே இல்லாமல் இருக்கும் நம்பிக்கை. நடைமுறை வேறு. சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கத்தின் கால எல்லை 15 ஆண்டுகள். அதன் பிறகு குழி தோண்டப்பட்டு, சமயம் அனுமதித்தால் எலும்புகள் எரிக்கப்படும். அனுமதிக்காத சமயத்தாருக்குச் சிறிய இடத்தில் மறு அடக்கம் நடக்கும். இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பத்துக்கு வழங்கப்படும் தனியுரிமை 1977-ஆம் ஆண்டு ஆணைப்படி அதிகபட்சம் 100 ஆண்டுகள். சென்னையில் கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைத் தோட்டங்கள் நிரம்பிவிட்டதால், ஏற்கெனவே உள்ள குடும்பக் குழியைத் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்வதே பலருக்கு வழியாக இருக்கிறது. அப்படித் திறக்கும்போது மேலே இருக்கும் பளுவான கிரானைட் மேடையை உடைத்தோ பெயர்த்தோதான் ஆக வேண்டும். ஆகவே கல்லைப் பார்க்கப் போகும் முன், திருச்சபை அலுவலகத்திலோ கல்லறை நிர்வாகத்திலோ சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இந்த இடம் எத்தனை ஆண்டுகளுக்கு உரியது, மறுபடியும் திறக்கலாமா, எத்தனை ஆண்டு கழித்து, உயர அகலத்துக்கு வரம்பு உண்டா, பராமரிப்புக் கட்டணம் யார் பெயரில் என்பவை அவை. இரண்டாவது பெயரை எழுத இடம்விட வேண்டுமா, மேல்பலகை கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது இந்தப் பதில்கள்தான்.

தரை நிலையற்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவப்பட்டிருக்கும் கல்லறைப் பலகைகள் அங்கே புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. இன்று சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் பகுதியில் இருந்த பழைய ஆங்கிலேயர் இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. 1758-59 முற்றுகையின்போது அந்தக் கல்லறைகளைப் பிரெஞ்சுப் படை மறைவிடமாகப் பயன்படுத்தியதால் இடுகாடே அகற்றப்பட்டது. குழி போயிற்று, மேடை போயிற்று, எழுத்து வெட்டிய பலகை மட்டும் மிஞ்சியது. லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் எனப் பல மொழிகளில் அந்தப் பெயர்களை இன்றும் படிக்க முடிகிறது. மறுபக்கம், ஈழத்தில் போரில் இறந்த விடுதலைப் புலிகளை அடக்கம் செய்த மாவீரர் துயிலும் இல்லங்கள் 2009-க்குப் பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அதே நிலத்தில் இராணுவ முகாம் எழுந்தது. புலிகளின் அரசியலைப் பற்றி எக்கருத்து உடையவரும், ஒரு தாய் தன் பிள்ளையின் பெயர் பொறித்த கல்லைத் தேடிப் போய் வெற்றுத் தரையைப் பார்ப்பதன் கொடுமையை மறுக்க முடியாது. உறவினர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 27 அன்று அங்கே கூடி விளக்கேற்றுவது, கல்லைவிடப் பெயர் நீடித்து நிற்கும் என்பதைக் காட்டுகிறது. தரையின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதே கல்லின் ஆயுளை முடிவு செய்கிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இதை உணர்ந்துதான் தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் நிரந்தரப் பராமரிப்புக்கு உறுதியில்லாத இடங்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களின் அடக்கங்களை 1952-இல் நந்தம்பாக்கத்து மெட்ராஸ் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். கல்லைப் புதுப்பிப்பதைவிடத் தரையை மாற்றுவதே சரி என்று அங்கே முடிவெடுக்கப்பட்டது.

இனி வாசகம். தமிழறிஞர் ஜி.யு. போப்பின் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருப்பதாக மேடைதோறும் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. இருப்பது வேறு. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவரை அறிமுகப்படுத்தி, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று பணியைச் சொல்லி, 1820-இல் பிறந்ததையும் 1908-இல் இறந்ததையும் குறித்து, இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்று முடிகிறது. கற்பனை வரி நெகிழ வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உண்மையான வாசகத்தில் எத்தனை செய்தி அடங்கியிருக்கிறது பாருங்கள். எங்கிருந்து வந்தார், என்ன செய்தார், எந்த ஆண்டுகள், யார் அவரை நேசித்தார்கள். கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் இறந்தவரைத் தென்னிந்தியர் என்று அழைத்த ஒரே ஒரு சொற்றொடர், அவருடைய வாழ்க்கை எந்த மண்ணில் கழிந்தது என்பதை எந்தப் புகழுரையும் இல்லாமலே சொல்லிவிடுகிறது. நல்ல வாசகத்துக்கு இலக்கணம் வேண்டுமானால் இந்தக் கல்லிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒப்பிட்டால் நம் கல்லறைகளில் வழக்கமாக எழுதப்படுவது மிகவும் குறைவு. தோற்றம், மறைவு, தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், கீழே மனைவி மக்கள் பேரப்பிள்ளைகள் என்ற பொதுச்சொற்கள். தலைப்பெழுத்து இன்று நமக்குப் புரிகிறது. அறுபது ஆண்டு கழித்து ‘எஸ்’ என்பது செபாஸ்தியானா சவரிமுத்தா என்று சொல்ல யார் இருப்பார்கள்? ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் சமூகத்தில், தந்தையின் முழுப்பெயர் இல்லாத கல் யாரையும் குறிப்பதில்லை. பெண்கள் நிலை இன்னும் மோசம். இன்னாருடைய மனைவி என்ற அளவோடு நின்றுவிடும் கல்லில் அவள் பிறந்த ஊரும் இல்லை, பெற்றோர் பெயரும் இல்லை. ஆசிரியையாக முப்பது ஆண்டு பணிசெய்திருந்தாலும் அதுவும் இல்லை. வரலாற்றாளருக்கு இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பதைச் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் வெளியிட்ட நூலைப் புரட்டுபவர் உணர்வார். வேலை, கப்பல், படைப்பிரிவு, இறந்த காரணம் என்று எழுதிவைக்கப்பட்ட ஐரோப்பியர்களைப் பற்றி அந்நூலைக் கொண்டே ஒரு சமூக வரலாறு எழுத முடியும். நம்மவர் கல்லறைகளுக்கும் அப்படியொரு காலம் வரும் என்றால், அன்று எடுத்துப் படிக்க அங்கே ஏதாவது எழுதியிருக்க வேண்டும். சுருக்கிச் சொன்னால் முழுப்பெயர், தந்தை தாய் பெயர், சொந்த ஊர், தொழில், நான்கு இலக்க ஆண்டோடு தேதிகள், கல் வைத்தவர் யார் என்பது, அவரை மட்டுமே குறிக்கும் ஒரு விவரம். இவை போக இடமிருந்தால் வேதவசனம் எழுதலாம். வசனம் வேதத்தில் எப்போதும் இருக்கும். இந்த ஆளைப் பற்றிய விவரம் இந்தக் கல்லில் மட்டுமே இருக்கும்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் வாசகரைப் பொறுத்ததே. இங்கிலாந்தில் கோவென்ட்ரி அருகே ஒரு தேவாலயத் தோட்டத்தில், அயர்லாந்தில் பிறந்த ஒரு பெண்ணின் கல்லறையில் என்றும் எங்கள் இதயத்தில் என்ற பொருளில் ஐரிஷ் மொழியில் மட்டும் எழுத அவர் பிள்ளைகள் விரும்பினார்கள். மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அரசியல் முழக்கமாகக் கருதப்படலாம் என்று சொல்லி 2020-இல் மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றம் மறுத்தது. 2021-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டு, ஐரிஷ் வரி தனித்தே நிற்க அனுமதி கிடைத்தது. தன் மொழியில் எழுதிக்கொள்ள ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆனால் உரிமை ஒன்று, தேவை ஒன்று. டொராண்டோவிலோ லண்டனிலோ அடக்கம் செய்யப்படும் ஈழத்தமிழரின் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாது. அங்கே பெயரையும் ஊரையும் இரு எழுத்திலும் வெட்டுவதே விவேகம். தமிழ்நாட்டிலோ நிலைமை நேர்மாறு. வாழ்நாள் முழுக்கத் தமிழில் ஜெபித்தவரின் கல்லில் ஆங்கிலம் மட்டும் இருப்பதற்கு, கௌரவம் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

சொல் முடிவான பிறகுதான் எழுத்தும் கல்லும். பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் மூன்றாம் நிலையில் இருப்பது. மழைநீரில் கரைந்திருக்கும் இலேசான அமிலமே அதை அரித்துவிடும். பளிங்கில் குழிவெட்டி ஈயம் பதித்த பழைய ஐரோப்பியக் கல்லறைகளில், தொடக்கத்தில் கல்லோடு சமமாக இருந்த ஈய எழுத்து இப்போது வெளியே துருத்தி நிற்கிறது. எழுத்து வளரவில்லை, சுற்றியிருந்த கல் கரைந்துபோயிருக்கிறது. கிரானைட்டில் இருக்கும் படிகக்கல்லும் களிக்கல்லும் ஆறு ஏழாம் நிலைக் கடினம் கொண்டவை, ஆகவே நிற்கும். கருங்கிரானைட் என்று கடையில் விற்பது புவியியல்படி பெரும்பாலும் டோலரைட் என்ற வேறொரு பாறை, அதுவும் உறுதியானதே. கேள்வி கல்லைவிட வெட்டும் முறையில் இருக்கிறது. மெருகேற்றிய கறுப்புப் பரப்பை லேசர் லேசாகக் கொத்திவிட்டால் அந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரியும்; படம் வரைய அது போதும். ஆனால் ஆழம் மிகக் குறைவு. ஆழமாக வெட்டிய எழுத்தில் வண்ணம் உதிர்ந்தாலும் நிழல் விழும், விரலால் தடவிக்கூடப் படிக்கலாம். லேசர் எழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பொன்வண்ணம் பூசிய எழுத்தும் அப்படித்தான். பூச்சு எதுவாயினும் வெட்டு ஆழமாக இருக்க வேண்டும். செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டும் கல்லறைகள் கடலோர ஊர்களில் சீக்கிரமே விரிந்துவிடுகின்றன. உள்ளே கம்பி இருந்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஊதி, பூச்சைப் பிளந்துவிடும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் 17-ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகளில் புடைப்பாகச் செதுக்கிய எழுத்தும் குலச்சின்னமும் கடற்காற்றையும் மீறி இன்றும் துலங்குவதைப் பார்த்தால், ஆழத்துக்குச் செலவிட்ட கூலி வீணாகவில்லை என்பது தெரியும்.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. கணினியில் அச்சுக்கோத்து ஸ்டிக்கர் வெட்டி, அதை ஒட்டி மணல் பீய்ச்சி எழுத்தைக் குடையும்போது, புள்ளிகள் மிகச் சிறியவை என்பதால் ஆழமாக இறங்குவதில்லை. சில ஆண்டுகளில் தூசி படிந்து மறைந்தும் போகும். எழுத்தின் அளவைக் கூட்டி, புள்ளியைத் தனியே பெரிதாக்கிக் கேட்க வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதும், ரகர றகரமும் னகர ணகரமும் குழம்புவதும் அன்றாடம் நடப்பவை. காகிதத்தில் திருத்திக் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், கல்லின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியபின் வெட்டுவதற்கு முன் ஒருமுறை, குடும்பத்தில் ஒருவர் நேரில் போய் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கல்லில் விழுந்த பிழைக்குத் திருத்தம் கிடையாது, புதுக்கல்தான். அவசரப்படவும் வேண்டியதில்லை. புதிய குழியின் மண் இறுக ஒரு மழைக்காலமாவது கடக்க வேண்டும். அதற்கு முன் பளுவான கல்லை வைத்தால் சாய்ந்துவிடும். மண் கேட்கும் இந்த அவகாசத்தையே வாசகம் எழுதவும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றில் வலுவானது, துயரத்தின் உரிமை. அம்மாவுக்குப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று தோன்றுவது அன்பு. அதை வரலாற்றாளரின் தேவைக்காகக் குறைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கு உரிமை? இதே கேள்வி முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனையே உலுக்கியது. 1917-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்துக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃப்ரெடெரிக் கென்யன் 1918-இல் அளித்த அறிக்கை, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று விதித்தது. உயரம் ஏறத்தாழ 81 செ.மீ., அகலம் 38 செ.மீ. செல்வந்தர் தன் மகனுக்கு மட்டும் தனிச் சின்னம் எழுப்பக்கூடாது. சிலுவை வடிவில் கல் வேண்டும் என்று 8,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு அளித்தார்கள். 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. ஆணையத்தின் நிலை மாறவில்லை. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். கல்லின் அடியில் 66 எழுத்துகளுக்குள் குடும்பம் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று முதலில் கட்டணம் வைத்துப் பிறகு அதை விருப்பக் கொடையாக்கினார்கள். கனடா அரசு தன் வீரர்களுக்கு அந்தச் செலவை ஏற்றது. நியூசிலாந்து சமத்துவத்தின் பெயரால் அந்த வரியையே வேண்டாமென்றது. இன்று அந்தக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் வரிசையாக நிற்கும் ஒரேமாதிரிக் கற்களை வியந்தபடி கடந்து, குனிந்து படிப்பது அடியில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான். ஆகவே துயரத்தின் உரிமையை இந்த வாதம் பறிக்கவில்லை. அளவிலிருந்து சொல்லுக்கு அதை மாற்றச் சொல்கிறது. அறுபத்தாறு எழுத்தில் ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றி எதைச் சொல்வது என்று யோசிக்கும் இரவு, பெரிய கல்லுக்குப் பணம் கட்டுவதைவிடப் பெரிய அஞ்சலி.

சாவில் எல்லாரும் சமம், கல்லில் என்ன இருக்கிறது என்பது இதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு. அந்தச் சமத்துவம் தானாக வந்ததில்லை. ஒரே அளவுக் கல் வைத்த அதே ஆணையம், முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேரை ஐரோப்பியருக்கு இணையாக நினைவுகூரவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேரின், ஒருவேளை 3,50,000 பேர் வரையானோரின், பெயரே எங்கும் பொறிக்கப்படவில்லை என்றும் 2021-இல் வெளியான அதன் சொந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. நம் வீட்டிலும் கதை வேறில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் அடக்கத்தைப் பிரித்து நிற்கும் சுவர் பல பத்தாண்டுகளாகப் போராட்டங்களுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. யாருக்குக் கல், யாருக்கு எந்த இடம், யாருடைய பெயர் என்பது எப்போதும் உயிரோடிருப்பவர்களின் அதிகாரக் கேள்வி. வசதியில்லாத குடும்பம் பெரிய கல்லுக்குக் கடன் வாங்குவதற்குப் பின்னால் இந்த அவமானத்தின் வரலாறும் இருக்கிறது; அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஆனால் அந்த அவமானத்துக்குப் பதில், முழுப்பெயரையும் முழு வாழ்க்கையையும் அழியாத எழுத்தில் எழுதிவைப்பதில் இருக்கிறது. இரண்டடிப் பலகை அதற்குத் தாராளம்.

சமய மறுப்பு வேறு வகையானது. கல்லறை மேல் கட்டுவதையும் எழுதுவதையும் இஸ்லாமிய நெறி பெரிதும் ஊக்குவிப்பதில்லை. தமிழ் முஸ்லிம்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் மீசான் கல்லில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. அங்கே மறதியும் ஒரு வழிபாடு. மண்ணுக்குப் போனவரை மண்ணிடமே விட்டுவிடும் பணிவு. அந்த நெறியை ஏற்றவரிடம் எழுதச் சொல்ல எந்த ஆய்வுக்கும் உரிமையில்லை. ஆனாலும் காயல்பட்டினத்தில் அரபு எழுத்துப் பொறித்த பழைய மீசான் கற்கள் இருக்கின்றன. சோழமண்டலக் கடற்கரையின் வணிகத் தொடர்புகளை ஆராய்பவர்களுக்கு அவை பெருந்துணை. எழுதுவதா வேண்டாமா என்பது சமயம் தீர்மானிக்க வேண்டியது. எழுதுவது என்று முடிவானால் எதை எழுதுவது என்பதில் மட்டுமே மேற்சொன்ன வாதம் பொருந்தும். எழுதாமல் விடும் எளிய கல்லும், ஒரு சொல்லும் சொல்லாத ஆடம்பர மேடையைவிட மேலானது. அது சொல்ல வந்ததைத் தன் வெறுமையாலேயே சொல்லிவிடுகிறது.

கல்லே எதற்கு, கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் படமும் குரலும் வரும் சதுரக் குறியீட்டை ஒட்டிவிடலாமே என்பது புதிய வாதம். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரில் வம்சாவளியும் வாழ்க்கைக் குறிப்பும் விரிவாக இருக்கும். கல்லில் அடங்காததை அது அடக்கிவிடுகிறது, பல நூறு வீடுகளுக்குப் பரவியும் விடுகிறது. இந்த வகையில் காகிதம் கல்லை வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குறியீடு அப்படிப்பட்டதன்று. அது காட்டும் இணையப் பக்கத்துக்கு யாராவது ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நிறுவனம் மூடப்படாமல் இருக்க வேண்டும். துணையாக வைத்துக்கொள்ளலாம், பெயருக்குப் பதிலாக வைக்கக்கூடாது. கருவி எதுவும் இல்லாமல், கண்ணை மட்டும் கொண்டு வருகிறவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்வது வெட்டிய எழுத்துதான்.

அளவைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் பகுதிகளில் வெட்டிய கிரானைட் ஐரோப்பியக் கல்லறைகள் வரை போகிறது. மதுரை வட்டாரத்தில் நடந்த கிரானைட் கொள்ளையை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. குவாரிகள் குடைந்த அந்த மேலூர் வட்டாரத்தில்தான் கீழவளவு போன்ற குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்-பிராமி எழுத்துகள் இருக்கின்றன. ஒரு பெயரை எழுதப் பலகை வேண்டும் என்பதற்காக வேறு பெயர்கள் எழுதிய மலையை இழக்க வேண்டியதில்லை. பெயர் எழுதத் தேவையான கல் சிறியது. மேடைக்கும் தூணுக்கும் சுற்றுச் சங்கிலிக்கும் போகும் கல்தான் பெரிது.

ஆகவே செய்ய வேண்டியது சிக்கலானதன்று. முதலில் நிலத்தின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மண் இறுகும்வரை கிடைக்கும் மாதங்களில் குடும்பத்தின் மூத்தவர்களை உட்கார வைத்துப் பெயர், பெற்றோர், ஊர், தொழில், அவரை மட்டும் குறிக்கும் அந்த ஒரு விவரம் ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. எழுதியதை, இறந்தவரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இவர் யார் என்று புரிகிறதா எனக் கேட்க வேண்டும். புரிந்தால் வாசகம் முடிந்தது. அதன் நீளத்தைக் கொண்டு எழுத்தின் அளவையும், எழுத்தின் அளவைக் கொண்டு கல்லின் அளவையும் கணக்கிட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். மிச்சமாகும் பணத்தை ஆழமான வெட்டுக்கும், பல ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்கும் ஒதுக்கலாம். கறுப்பா சிவப்பா என்ற கேள்விக்கு அப்போது யார் என்ன பதில் சொன்னாலும் பெரிய நட்டம் இல்லை.